பவளக்கால் உள்ளானின் இரண்டாவது கால்

படத்தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகள் சிலர் சென்ற மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். குளத்துப் பறவைகளை எடுத்த படங்களைக் கணினியில் எவ்வளவு தூரம் திருத்தலாம், எந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும் என்று கேட்டார்கள். ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லி, காபி கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்த வாக்கியம் எனக்கு எந்தப் புத்தகத்திலிருந்தும் கிடைத்ததன்று. மோட்டார் பம்பு செய்யும் ஒரு தொழிற்சாலையின் சோதனை மேசையில், கையில் தூரிகையோடு செய்வதறியாது உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானத்தில் கிடைத்தது. அந்த மத்தியானத்தை விட்டுவிட்டு வாக்கியத்தை மட்டும் சொன்னால் அது உங்கள் மனத்தில் ஒரு வாரம்கூடத் தங்காது. ஆகவே முழுவதையும் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் காந்திபுரத்தில் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன். படம் கழுவும் டார்க் ரூமும் டச்சிங்கும் என் பொறுப்பு. டச்சிங் என்பது பிரிண்டின் மேல் மெல்லிய தூரிகையால் குறைகளை மறைக்கும் வேலை. முகப்பரு, சட்டைக் கறை, மணப்பெண்ணுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும் பந்தல்காரரின் தலை ஆகிய யாவும் என் கையில் காணாமற்போகும். இவற்றுக்கெல்லாம் மேலாக, மூடிய கண்ணைத் திறப்பதில் எனக்குப் பெயர் இருந்தது. ஐம்பது பேர் நிற்கும் கல்யாணப் படத்தில் ஃப்ளாஷ் அடித்த கணத்தில் மாமனார் கண்ணை மூடியிருப்பார். அந்த இமைகளின் மேலேயே இரண்டு கண்களை எழுதிவிடுவேன். படத்தைப் பெற்றுக்கொள்ள வருகிறவர்கள், மாமா முழித்துவிட்டார் என்று மகிழ்ந்து போவார்கள். ஒருமுறை மட்டும் ஒரு குடும்பத்தார் படத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, மாமாவுக்குப் பிறவியிலேயே இடது கண் திறக்காது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். அது எனக்கு ஓர் எச்சரிக்கையாகப் பட்டிருக்க வேண்டும். படவில்லை. ஸ்டுடியோவில் எல்லோரும் ஒரு வாரம் சிரித்தோம், அத்தோடு மறந்தோம்.

ஞாயிற்றுக்கிழமைகள் என்னுடையவை. பழைய நீள லென்ஸ் ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். அதைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, விடிவதற்கு முன் சூலூர்ப் பேருந்தில் ஏறிவிடுவேன். ஐப்பசி மழைக்குப் பின் சூலூர்க் குளத்தின் ஓரங்களில் முழங்காலளவுகூட இல்லாத தண்ணீர் பரவி நிற்கும். நீண்ட காலும் நீண்ட அலகும் கொண்ட பறவைகள் அந்தச் சேற்றைக் கிளறித் தின்ன வந்து இறங்கும். கரையில் இருப்பவர்களுக்கு அவை எல்லாமே கொக்குதான். எனக்கும் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது. பெயர்களைப் பிற்பாடு ஒவ்வொன்றாகத் தேடித் தெரிந்துகொண்டேன். அவற்றுள் பவளக்கால் உள்ளான் என் மனத்துக்கு மிக உகந்ததாயிற்று. வெள்ளை உடல், கரிய சிறகு, ஊசி போன்ற அலகு, அந்தச் சிறிய உடலுக்குச் சற்றும் பொருந்தாத நீளத்தில் பவளநிறக் கால்கள். படைத்தவர் வேறு ஏதோ பெரிய பறவைக்குச் செய்து வைத்திருந்த காலை இதற்கு மாட்டிவிட்டாரோ என்று தோன்றும்.

முதல் மூன்று மாதங்கள் ஒரு படமும் உருப்படியாக வரவில்லை. விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பும் விமானம் தலைக்கு மேல் இரைந்துகொண்டு போகும். ஒரு பறவையும் நிமிர்ந்து பாராது. நான் கரையிலிருந்து நாலடி எடுத்து வைப்பேன். அத்தனையும் எழுந்து பறந்துவிடும். நானும் குனிந்து பார்த்தேன், தவழ்ந்து பார்த்தேன், பச்சைச் சட்டை போட்டும் பார்த்தேன். இந்தக் கூத்தை எருமை மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா வாரந்தோறும் கவனித்து வந்திருக்கிறார். ஒருநாள் அவருக்கே பொறுக்கவில்லை.

"ஏனுங்க, நீங்க அதுகளையவே மொறச்சுப் பாத்துட்டுப் போறீங்க, திருடனப் புடிக்கப் போறவராட்டம். அதுக பறக்காம என்ன பண்ணும்? எம்பட எருமையப் பாருங்க. அது பாட்டுக்கு நடக்குது, நிக்குது, வேற எங்கியோ பாக்குது. நீங்களும் எருமையாட்டம் போங்க."

அவ்வாறே போனேன். நேராகப் போகாமல் பக்கவாட்டில் நடந்தேன். பறவையைப் பாராமல் தண்ணீரைப் பார்த்தேன். நின்றால் நெடுநேரம் நின்றேன். நான்காவது வாரம் உள்ளான்கள் என்னைச் சுற்றி இரை தேடின. அந்த அம்மாவின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் பறவையை அணுகுவது பற்றி அதன்பின் வேறு எவரிடமும் பாடம் கேட்கும் தேவை எனக்கு வரவில்லை. கேமராவைப் பற்றி உங்களுக்கு எல்லாம் தெரியும். எருமையைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்த ஆண்டு ஐப்பசியில், நான் சொல்ல வந்த படம் கிடைத்த காலை வேளையில் காற்றே இல்லை. ஓர் உள்ளான் ஒற்றைக்காலில் நின்றது. மற்றொரு காலை மடக்கி வயிற்று இறகுக்குள் செருகியிருந்தது. நின்ற கால் தண்ணீரைத் தொடும் இடத்திலிருந்து அதன் பிரதிபிம்பம் கீழ்நோக்கி முழுமையாக விழுந்திருந்தது. பிலிமில் மூன்று படங்களுக்குத்தான் இடம் மிச்சம். காலை இறக்கட்டும் என்று காத்திருப்பதா, இப்போதே எடுத்துவிடுவதா என்று ஒரு கணம் தடுமாறினேன். பிறகு, அந்த நிற்றலே அதன் அழகு என்று தோன்றியது. இரண்டு எடுத்தேன். மூன்றாவதை அது காலை இறக்கி நடக்கத் தொடங்கியபோது எடுத்தேன். அதில் தண்ணீர் கலைந்துவிட்டது. படமாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

சில நாட்களில், மகனின் கல்யாண ஆல்பத்தைப் பார்க்க ஸ்டுடியோவுக்கு வந்த பம்புத் தொழிற்சாலை முதலாளி, உலரப் போட்டிருந்த அந்தப் பிரிண்டைக் கண்டார். விவசாயக் குடும்பத்திலிருந்து வந்து, ஒரு லேத்தோடு பட்டறை தொடங்கி, சூலூரிலேயே பெரிய தொழிற்சாலையாக வளர்த்தவர். எடுத்த முடிவை விடாதவர் என்று ஊரில் பேச்சு. இது எந்த ஊர்ப் பறவை என்று விசாரித்தார். உங்கள் தொழிற்சாலைக்குப் பின்னாலிருக்கும் குளத்துப் பறவைதான் என்றேன். அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஆண்டுதோறும் அவர்கள் டீலர்களுக்கு முருகன் படம் போட்ட காலண்டர் கொடுத்து வந்தார்கள். ஊரில் எல்லாரும் முருகனையே கொடுப்பதால், ஒரு கடையில் ஐந்து முருகன் தொங்குகிறார். எந்த முருகன் எந்தக் கம்பெனி என்று எவருக்கும் தெரிவதில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். இந்த ஆண்டு நம் ஊர்க் குளத்துப் பறவையையே போடலாம் என்றார். படத்தின் மூலையில் என் பெயரும் இருக்கும் என்றார்.

இளையவர்களே, இப்போது நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு படத்தின் மூலையிலும் உங்கள் பெயர் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. எனக்கு அப்போது நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான படங்கள் என் கையால் வெளியே போயிருந்தன. எல்லாவற்றின் பின்புறமும் ஸ்டுடியோவின் முத்திரைதான். என் பெயர் அச்சில் ஒருமுறையும் வந்ததில்லை. அன்றிரவு என் மனைவியிடம் சொன்னேன். எழுத்தைப் பெரிதாகப் போடுவார்களா என்று கேட்டாள்.

ஒரு வாரம் கழித்து முதலாளி ஆளனுப்பினார். மாதிரிப் பிரிண்ட் அவருடைய மேசைக் கண்ணாடியின் மேல் இருந்தது. படம் நன்றாக இருக்கிறது என்று இரண்டு முறை சொன்னார். மூன்றாவதாக விஷயத்துக்கு வந்தார்.

"ஆனா ஒண்ணுங்க. கேலண்டருங்கறது வருசம் பூராக் கடைல தொங்கோணும். இது ஒத்தக்கால்ல நிக்குது. கம்பெனியே ஒத்தக்கால்ல நிக்குதுன்னு நாலு பேரு பேசுவாங்க. நொண்டிக் கொக்கு நமக்கு வேண்டாமுங்க. நீங்க மூடுன கண்ணையே தொறக்கறவரு. ஒரு காலைப் போட்டுக் குடுத்துருங்க. முடியாதுன்னாலும் போச்சாது, பரவாயில்லீங்க, பழைய முருகன் சிவகாசில தயாராத்தான் இருக்கறாரு."

நொண்டிக் கொக்கு என்று அவர் சொன்னாரே, அந்தச் சொல்லைத்தான் நான் பிடித்திருக்க வேண்டும். அவர் அதை உண்மையிலேயே காலிழந்த பறவை என்று நினைத்துவிட்டார். அது நொண்டி அன்று, இந்த இனம் ஓய்வெடுக்கும் முறையே இதுதான் என்று ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெரிய மனிதரிடம் எதிர்ப்பேச்சு பேசக்கூடாது என்ற பழக்கம் ஒன்று. முருகன் தயாராக இருக்கிறார் என்ற பயம் மற்றொன்று. செஞ்சுபோடலாமுங்க என்று சொல்லிவிட்டுப் பிரிண்டை எடுத்துக்கொண்டு பேருந்தேறினேன். வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் வண்ணப் பெட்டியைத் திறந்தேன். எங்கள் தொழிலில் நிகழும் பெரும்பாலான தவறுகள் இவ்வாறு மிகுந்த மரியாதையோடுதான் நிகழ்கின்றன.

இரண்டு நாள் உட்கார்ந்து அந்தக் காலை வரைந்தேன். என் வாழ்நாளில் அதைவிடச் சிறந்த டச்சிங்கை நான் செய்ததில்லை என்பதை இன்றும் சொல்வேன். பவளநிறம் இம்மியும் பிசகவில்லை. எது பிறவிக் கால், எது நான் கொடுத்த கால் என்று ஸ்டுடியோவில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. வலது மூலையில் வெள்ளை எழுத்தில் என் பெயரை எழுதினேன். அதற்கு மட்டும் ஒரு மணி நேரம் பிடித்தது.

சிவகாசிக்குப் பார்சல் போக வேண்டிய நாளன்று மத்தியானம் முதலாளியின் கையெழுத்துக்காகச் சூலூர் போனேன். படத்தைப் பார்த்தார். இப்போதுதான் கொக்கு கொக்காட்டம் இருக்கிறது என்று மகிழ்ந்து, பின்புறம் கையெழுத்திட்டார். ஐந்து மணிக்குள் காந்திபுரத்தில் பார்சலைச் சேர்த்தாக வேண்டும். தவறினால் அச்சகத்தார் அடுத்த வேலையை ஏற்றிவிடுவார்கள். டீலர்கள் கைக்கு முருகன்தான் போவார். கெட்டி அட்டை வைத்துக் கட்டித் தரும்படி என்னைச் சோதனைப் பிரிவுக்கு அனுப்பினார்கள்.

சோதனைப் பிரிவில் ஒரு மேஸ்திரி இருந்தார். கடைசல் முடிந்து வரும் ஷாஃப்டுகளை, அதாவது பம்புக்குள் சுழலும் இரும்புத் தண்டுகளை, ஒவ்வொன்றாக அளந்து, சரியானவற்றை ஒரு பெட்டியிலும், குறையுள்ளவற்றைச் சிவப்பு மை தடவி மற்றொரு பெட்டியிலும் போடுவது அவர் வேலை. பல ஆண்டுகள் அதையே செய்த மனிதர் எதைப் பார்த்தாலும் அப்படித்தான் பார்ப்பார் போலும். அட்டையை வெட்டி வைத்துவிட்டு, படத்தை எடுத்து ஜன்னல் பக்கம் சாய்த்தார். மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை பார்த்தார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, மேல ரெண்டு காலு இருக்குது. தண்ணில ஒண்ணுதானுங்க தெரியுது. இன்னொண்ண மீனு கடிச்சுட்டுப் போயிருச்சுங்களா?"

நான் படத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தேன். தண்ணீரில் ஒரு கால்தான் இருந்தது. இரண்டு நாள் அந்தப் படத்தின் மேல் கவிழ்ந்து கிடந்தவன், தண்ணீருக்கு மேலேயே வேலை பார்த்திருக்கிறேன். தண்ணீருக்குள் பார்க்கவே இல்லை. கல்யாணப் படத்தில் மாமனாருக்குக் கண் திறந்தால் போதும், கீழே அவருடைய பிரதிபிம்பத்துக்கும் திறக்க வேண்டியதில்லை. அந்தப் பழக்கம் என்னை இங்கே கவிழ்த்துவிட்டது.

மணி இரண்டு. முதலாளி கையெழுத்துப் போட்டாயிற்று. பிழையை அறிந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே. தூரிகையும் வண்ணங்களும் பையில் இருந்தன. அரை மணி நேரம் கொடுங்கள், தண்ணீரிலும் ஒரு காலைப் போட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, மேஸ்திரியின் மேசை ஓரத்திலேயே உட்கார்ந்தேன். அவர் மறுக்கவில்லை. ஷாஃப்டுகளை அளந்தபடியே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் கோட்டை இழுத்தேன். அது அங்கேயிருந்த ஒரு சிற்றலையை மூடிவிட்டது. சிற்றலையைத் திரும்ப வரைந்தேன். அது பக்கத்து அலையோடு ஒட்டவில்லை. தண்ணீருக்குள் கால் எப்படித் தெரியும் என்பதற்கு மாதிரி பார்க்கலாம் என்று, குளத்தில் எடுத்த மூன்றாவது படத்தைப் பையிலிருந்து எடுத்தேன். உள்ளான் நடக்கத் தொடங்கிய அந்தப் படம். அதைப் பார்த்ததும் இன்னொரு பிழை தெரிந்தது. காலின் நடுவில் முட்டி போல ஒரு மூட்டு இருக்கிறதே, அது அந்தப் பறவைக்குப் பின்பக்கம் நீட்டிக்கொண்டு மடிந்திருந்தது. நான் போட்ட காலில் அது நம் முட்டியைப் போல முன்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. இத்தனை ஆண்டுகளாக மனிதர்களையே திருத்திய கை, பறவைக்கு மனிதக் காலைப் போட்டுவிட்டது.

இனிக் காலையே அழித்து மறுபடி வரைய வேண்டும், பிறகு தண்ணீரில், பிறகு அலை. பார்சல் நேரத்துக்குள் முடிக்கலாம் என்றும் தோன்றியது, முடியாது என்றும் தோன்றியது. தூரிகை கையிலேயே உலர்ந்துகொண்டிருந்தது. மேஸ்திரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படத்தில் தூசி, கீறல் இவற்றையெல்லாம் நாங்கள் வழக்கமாக மறைப்பதுதானே, காலைச் சேர்ப்பதும் அதுபோலத்தானே என்று, அவரிடம் கேட்பதுபோல என்னிடமே கேட்டுக்கொண்டேன். அவர் கையிலிருந்த ஷாஃப்டைத் துணியால் துடைத்துவிட்டு அளவுகோலை வைத்தார்.

"தூசியத் தொடைக்கலாமுங்க. அளவத் தொடைக்கக் கூடாது."

அவ்வளவுதான் சொன்னார். நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னிடமிருக்கும் பதில் அதுவே. நெகட்டிவின் மேல் விழுந்த தூசி பறவையுடையதன்று, அதைத் துடையுங்கள். பறவையின் அலகில் ஒட்டிய சேறு பறவையுடையது, அதை விட்டுவிடுங்கள். உங்கள் கேமரா இருட்டாக்கிவிட்ட இறகை உங்கள் கண் கண்ட அளவுக்கு வெளிச்சமாக்குங்கள். கண் காணாத நிறத்தைக் கொடுக்காதீர்கள். குளத்தின் ஓரத்தில் கிடக்கும் பிளாஸ்டிக் பை உறுத்துகிறது என்றால், எடுக்கும்போதே நாலடி நகர்ந்து நில்லுங்கள். எடுத்த பிறகு அதைக் குளத்திலிருந்து எடுத்துவிட்டதாகக் காட்டாதீர்கள். எத்தனை புதிய மென்பொருள் வந்தாலும் எல்லாம் இந்த வாக்கியத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

சோதனைப் பிரிவுக்கும் முதலாளியின் அறைக்கும் நூறடி தூரம் இருக்கும். நூறடியும் முருகன் என் கண்முன்னே மயில்மேல் நின்றார். மூலையில் நான் எழுதிய பெயர் என் கையிலேயே இருந்தது. என் தயக்கத்தைக் கண்டு மேஸ்திரியும் கூடவே வந்தார். போகும்போது, குறையுள்ளதைத் தள்ளுவதென்றால் ஷெட்டுக்குள்ளேயே தள்ளிவிட வேண்டும், வெளியே போய்த் திரும்பி வந்தால்தான் பெயர் கெடும் என்று சொன்னார். அவருக்கு அது தினசரி விஷயம்.

முதலாளி சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். படத்தை அவர் முன் வைத்து, தண்ணீரில் ஒரு கால் குறைவதைக் காட்டினேன். பிறகு, பறவை நடக்கும் படத்தை வைத்து, கால் மடிப்பையும் காட்டினேன். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியதையும் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கு வந்தது வருத்தம். அதுவும் என்மேல் அன்று.

"நானே கையெழுத்துப் போட்டனேங்க. ஷாஃப்டுல நூலளவு போனாக் கண்டுபுடிப்பேன். கண்ணு முன்னால ஒரு காலு இல்ல, எனக்குத் தெரியல பாருங்க."

பிறகு, நொண்டி இல்லாத பறவை எதற்கு ஒற்றைக்காலில் நிற்க வேண்டும் என்று கேட்டார். அவர் நம்பவில்லை என்பது தெரிந்தது. குளம் பக்கத்தில்தான் இருக்கிறது என்றேன். மணியைப் பார்த்தார். வண்டியை எடுக்கச் சொன்னார். மேஸ்திரியையும் ஏறிக்கொள்ளச் சொன்னார்.

நாங்கள் மூவரும் கரையில் நின்றோம். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஆழமில்லாத தண்ணீரில் பதினைந்து இருபது உள்ளான்கள் ஓய்வாக நின்றன. என் நல்ல காலம், பாதிக்கு மேல் ஒற்றைக்காலில் நின்றன. முதலாளி ஒவ்வொன்றாக விரல் நீட்டிப் பார்த்தார். இத்தனையும் ஒரே நேரத்தில் நொண்டியாகியிருக்க முடியாது என்பதை ஒப்புக்கொண்டார். ஆனாலும் அவர் இயல்பு விடவில்லை. மற்றொரு கால் உண்மையிலேயே உள்ளே இருக்கிறதா என்பதைத் தெரிந்துகொண்டுதான் போவது என்று, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். நேராகப் போக வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல நேராகவே போனார். எல்லாம் பறந்துவிடும், என் பெயரும் அவற்றோடு பறந்துவிடும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சில பறந்தன. மிக அருகிலிருந்த ஒன்று பறக்கவில்லை. அவர் கையைத் தட்டினார். அது ஒற்றைக்காலாலேயே ஒரு தத்துத் தத்தி, சற்றுத் தள்ளி நின்றது. மறுபடி தட்டினார். மறுபடி ஒரு தத்து. செருகிய காலை இறக்கவே இல்லை. இன்னும் இரண்டடி எட்டி வைத்தார். அப்போதும் அது ஒற்றைக்காலில் தத்தியதேயன்றி மற்றதை எடுக்கவில்லை. முழங்காலளவு சேற்றில் நின்றபடி அவர் சிரிக்கத் தொடங்கினார். அவர் சிரித்து அதுவரை பார்த்ததேயில்லை என்று மேஸ்திரி என் காதில் சொன்னார். அந்தச் சத்தத்துக்குத்தான் அது சலித்துப்போய், இரண்டு கால்களையும் பின்னால் நீட்டிக்கொண்டு பறந்தது. இரண்டு கால்களும் குறையின்றி இருந்தன.

கரையேறி வந்தவர் வேட்டியைப் பிழிந்துகொண்டே சொன்னார்:

"நான் ஒத்தக்கால்ல நிக்கறவன்னு எங்கூட்டு அம்மணி முப்பது வருசமாச் சொல்லிட்டிருக்குது. அவளக் கூட்டிட்டு வந்து இதக் காட்டோணுங்க. இதுக்கு முன்னால நானெல்லாம் ஒண்ணுமேயில்லீங்க."

தொழிற்சாலைக்குத் திரும்பியதும், என் பையிலிருந்த டச்சிங் செய்யாத மற்றொரு பிரிண்டின் பின்புறம் புதிதாகக் கையெழுத்திட்டார். அதன் மூலையில் என் பெயரை எழுத ஒரு மணி நேரம் இல்லை. மூன்று நிமிடத்தில் எழுதினேன். மேஸ்திரி அட்டை வைத்துக் கட்டினார். வண்டியிலேயே காந்திபுரத்துக்கு அனுப்பி வைத்தார்கள். பார்சல் போய்ச் சேர்ந்தது. அந்த ஆண்டு கோயம்புத்தூரிலும் பொள்ளாச்சியிலும் பல கடைகளில் பவளக்கால் உள்ளான் ஒற்றைக்காலில் நின்றது. கீழே தண்ணீரிலும் அவ்வாறே நின்றது. மனைவியை அழைத்துக்கொண்டு போய் ஒரு கடையில் காட்டினேன். எழுத்து சின்னதாக இருக்கிறது என்றாள்.

டச்சிங் செய்த பிரிண்ட் என்னவாயிற்று என்பதையும் சொல்லி முடிக்கிறேன். அன்றே அதைக் கிழித்துவிட நான் கை நீட்டினேன். முதலாளி தரவில்லை. கண்ணாடிச் சட்டம் போட்டுச் சோதனைப் பிரிவின் சுவரில் மாட்டச் சொன்னார். அங்கே வேலை கேட்டு வருகிற ஒவ்வொருவரையும், ஷாஃப்டைத் தொடவிடுவதற்கு முன் மேஸ்திரி அந்தப் படத்தின் முன் நிறுத்தி, என்ன குறை என்று கேட்பாராம். பறவையை மட்டும் பார்த்தவர்கள் வெகுநேரம் நிற்பார்களாம். தண்ணீரைப் பார்த்தவர்களுக்கு அன்றே வேலை.

நல்ல படம் டிசம்பரோடு சுவர்களிலிருந்து இறங்கிப் பிள்ளைகளின் பாடப்புத்தகங்களுக்கு அட்டையாயிற்று. கெட்ட படம் இன்னும் அதே ஆணியில் தொங்குகிறது. வலது மூலையில், ஒரு மணி நேரம் செலவழித்து எழுதிய என் பெயர் மிகத் தெளிவாகத் தெரிகிறதாம்.